மரம் யாருடையது என்று செயற்கைக்கோள் சொல்லாது

ஆண்டுதோறும் ஜூன் 17 அன்று ஒரே கதை பல குரல்களில் வெளிவரும். ஐ.நா.வின் பாலைவனமாதல் எதிர்ப்பு உடன்படிக்கை 1994இல் பாரிஸில் ஏற்கப்பட்ட நாள் அது. கதை இப்படிப் போகும்: சகாரா தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதன் ஓரத்தில் வாழும் ஏழை விவசாயி விவரம் தெரியாமல் மரத்தை வெட்டுகிறார், ஆடுமாடுகளை மிதமிஞ்சி மேய்க்கிறார், மண்ணை மலடாக்குகிறார். நல்ல வேளையாக இப்போது வானத்தில் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன, மண்ணைப் பற்றிய தரவுகள் கிலோமீட்டர் கிலோமீட்டராகச் சேர்ந்துவிட்டன. எந்த வயலில் என்ன குறை என்று கைப்பேசிக்குச் சேதி போகும். விவசாயி அதன்படி நடப்பார். பாலைவனம் நின்றுவிடும்.

இந்தக் கதையை எதிர்த்துப் பேசுவது சங்கடமான வேலை. அறிவியல் வேண்டாம் என்கிறான், பழமையைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்ற பட்டம் உடனே கிடைத்துவிடும். ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: செயற்கைக்கோள் படங்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் கதையைப் பொய்யாக்கிய முக்கியமான சாட்சியே அவைதாம். என் சண்டையெல்லாம் அந்தப் படங்களை யார், யாரிடம், எதற்காகக் காட்டுகிறார்கள் என்பதைப் பற்றியது. செனகலிலிருந்து சூடான்வரை சகாராவின் தென்விளிம்பாக நீளும் சாகேல் பட்டைதான் கதை பிறந்த ஊர். அங்கேயே வைத்து அதைச் சோதிப்போம்.

சகாரா வருகிறது என்ற அலறலுக்குத் தொண்ணூறு வயதாகிறது. அதை 1935இல் லண்டனில் உரக்க எழுப்பியவர் ஈ.பி. ஸ்டெப்பிங். இந்திய வனப்பணியில் இருந்தவர், பிறகு எடின்பரோவில் வனவியல் பேராசிரியரானவர். மேற்கு ஆப்பிரிக்காவை வறண்ட பருவத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு, மணல் முன்னேறுகிறது என்று அறிவித்தார். 1936–37இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து அமைத்த வனக்குழு அதே பகுதிக்குப் போய்ப் பார்த்து, அப்படியொரு பெரும் படையெடுப்புக்குச் சான்று இல்லை என்று எழுதியது. ஸ்டெப்பிங்கின் அலறல் பாடநூல்களுக்குப் போனது, குழுவின் அறிக்கை அலமாரிக்குப் போனது.

நாற்பது ஆண்டு கழித்து அதே நாடகம் இன்னும் பெரிய மேடையில் நடந்தது. 1975இல் ஹியூ லாம்ப்ரே என்ற சூழலியலாளர் வடக்கு சூடானில் விமானத்தில் பறந்து, தாவரங்கள் முடிந்து பாலை தொடங்கும் கோட்டைக் குறித்தார். அதை 1958ஆம் ஆண்டின் தாவர வரைபடத்தோடு ஒப்பிட்டு, பதினேழு ஆண்டுகளில் பாலைவனம் 90 முதல் 100 கிலோமீட்டர் தெற்கே இறங்கிவிட்டது என்றார். ஆண்டுக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் என்ற கணக்கு அங்கிருந்துதான் உலகைச் சுற்றக் கிளம்பியது. 1977இல் நைரோபியில் ஐ.நா. கூட்டிய பாலைவனமாதல் மாநாட்டின் காலம் அது. எவரும் நின்று கேட்காத கேள்வி எளிமையானது: 1950கள் சாகேலில் நல்ல மழைக்காலம், 1970களின் தொடக்கமோ கொடும் வறட்சி. நிறைந்த ஏரியையும் வற்றிய ஏரியையும் ஒப்பிட்டுவிட்டு, ஏரி செத்துப்போனது என்று சான்றிதழ் கொடுக்கலாமா? சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உல்ஃப் ஹெல்டேனும் அவரது சகாக்களும் 1980களில் லாம்ப்ரே பறந்த அதே சூடானின் கோர்டோஃபான் பகுதியைச் செயற்கைக்கோள் படங்களோடும் களத்தில் இறங்கியும் ஆராய்ந்தார்கள். நகரும் பாலைவனம் எதுவும் அவர்களுக்கு அகப்படவில்லை. மழை குறைந்தால் பசுமை குறைந்தது, மழை திரும்பினால் பசுமை திரும்பியது.

அதை முழுச் சாகேலுக்கும் நிறுவியது 1991இல் 'சயன்ஸ்' இதழில் வந்த கட்டுரை. நாசாவின் காம்ப்டன் டக்கரும் உடன் ஆய்வாளர்கள் இருவரும் வானிலைச் செயற்கைக்கோள்களின் பத்தாண்டுப் படங்களை வைத்து, ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைக்கு ஈடான பசுமை எங்கே முடிகிறது என்று வரைந்தார்கள். 1980க்கும் 1984க்கும் இடையில் அந்தக் கோடு 240 கிலோமீட்டர் தெற்கே போனது. அடுத்த ஒரே ஆண்டில் 110 கிலோமீட்டர் வடக்கே ஏறியது. பாலைவனம் படையெடுத்து வருவதாக இருந்தால், ஒரே ஆண்டில் 110 கிலோமீட்டர் பின்வாங்குவது எப்படி? கோடு மழையோடு ஏறி இறங்குகிறது. சாகேலில் நிலம் கெடவில்லை என்று இதற்குப் பொருள் அல்ல. நிலம் கெடுவது வயல் வயலாக, ஊர் ஊராக, அந்தந்த இடத்துக் காரணங்களால் நடக்கிறது. ஒரு முனையில் தடுத்து நிறுத்தக்கூடிய எதிரி அங்கே இல்லை.

அப்படியென்றால் மழை ஏன் பொய்த்தது? இங்கேதான் விவசாயி குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டார். 1975இல் வானிலையியல் அறிஞர் ஜூல் சார்னி ஒரு கருதுகோளை முன்வைத்தார்: மிகை மேய்ச்சலால் தரை வெளுக்கிறது, வெளுத்த தரை சூரிய ஒளியைக் கூடுதலாகத் திருப்பி அனுப்புகிறது, அதனால் மேலெழும் காற்று தளர்ந்து மழை குறைகிறது. இயற்பியலாக அது அழகான சிந்தனை. அந்தப் பேரறிஞரின் கூர்மையை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் அரசுகளின் கையில் அது மாடு மேய்ப்பவர்மேல் போட்ட வழக்காக மாறியது. 2003இல் அலெசாண்ட்ரா ஜியானினியும் உடன் ஆய்வாளர்களும் கணினி மாதிரிகளின் வழியே வேறொன்றைக் காட்டினார்கள்: சாகேலின் மழையை ஆட்டிவைத்தது முதன்மையாகக் கடல்களின் மேற்பரப்பு வெப்பம். தரையும் தாவரமும் அந்த அசைவைக் கொஞ்சம் பெருக்கிக் காட்டின, அவ்வளவே. வட அட்லாண்டிக் குளிர்ந்து கிடந்ததில் ஐரோப்பா, வட அமெரிக்கத் தொழிற்சாலைப் புகையின் கந்தகத் துகள்களுக்கும் பங்கு உண்டு என்று பிறகு வந்த பல ஆய்வுகள் சொல்கின்றன. புலம்பெயர்ந்து செத்த மாடுகளின் சொந்தக்காரர்களிடம் இன்றுவரை யாரும் வருத்தம் தெரிவித்ததாகத் தெரியவில்லை.

சரி, பழங்கதை போகட்டும், இன்றைய கருவிகள் கூர்மையானவை என்பார்கள். கூர்மையானவைதான். ஆனால் அவை எதைப் பார்க்கின்றன? பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து பசுமைக் குறியீடு கணக்கிடப்படுகிறது. குறியீடு ஏறினால் நிலம் தேறுகிறது, இறங்கினால் கெடுகிறது என்று வரைபடங்களில் நிறம் பூசுகிறார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒருமுறை பேருந்தில் போனவருக்குக்கூட இதன் ஓட்டை விளங்கும். சீமைக் கருவேலம் மண்டிய கண்மாயும் கரம்பும் வானத்திலிருந்து பார்த்தால் செழும்பச்சை. அதே புரோசோபிஸ் ஜூலிஃப்ளோராதான் எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் மேய்ச்சல் நிலத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அங்குள்ள ஒட்டகக்காரருக்கு அது இழப்பு, படத்துக்கு அது முன்னேற்றம். மத்திய செனகலில் ஸ்டெஃபானி ஹெர்மனும் கிரே டப்பனும் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வின் தலைப்பிலேயே இந்த முரண் இருக்கிறது. படம் பச்சையாகிக்கொண்டிருந்த இடத்தில் பெரிய மரங்கள் அருகி, மர வகைகள் குறைந்து, புதர்கள் பெருகியிருந்தன.

இந்தச் சிக்கல் தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியாதது அல்ல. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 2018இல் வெளியிட்ட உலகப் பாலைவனமாதல் நிலப்படத் தொகுப்பின் மூன்றாம் பதிப்பைப் புரட்டினால், எங்கே எவ்வளவு நிலம் பாலையாகியிருக்கிறது என்று காட்டும் ஒற்றை உலகப்படம் அதில் கிடையாது. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள். ஓரிடத்தில் கெடுதல் என்பது இன்னோரிடத்தில் வேறு, பல அறிகுறிகள் ஓரிடத்தில் கூடுகின்றனவா என்று மட்டுமே காட்ட முடியும் என்பது அவர்கள் நிலை. தயங்கித் தயங்கிச் சொல்லும் அறிஞரின் வாயிலிருந்து வெளியேறும்போது இருக்கும் அடக்கம், திட்ட அறிக்கைக்குள் நுழையும்போது காணாமல் போய்விடுகிறது.

மண் தரவுக்கு வருவோம். நாசாவின் ஸ்மாப் செயற்கைக்கோள் 2015 ஜனவரியில் ஏவப்பட்டது. மண்ணின் ஈரத்தை நுணுக்கமாகப் பார்க்க உதவ வேண்டிய அதன் ரேடார் அதே ஆண்டு ஜூலையில் நின்றுபோனது. மிஞ்சிய கருவி 36 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது, அதுவும் மேல் ஐந்து சென்டிமீட்டர் மண்ணை. வெள்ளப் பெருக்கையும் வறட்சியையும் கணிப்பவர்களுக்கு அது பெரிய கொடை. கம்பு விதைக்கலாமா என்று நிற்கும் விவசாயிக்கு 36 கிலோமீட்டர் என்பது இன்னொரு மாவட்டம். 2021இல் வந்த ஐஎஸ்டிஏ மண் வரைபடம் ஆப்பிரிக்கா முழுவதையும் 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கார அமிலத் தன்மை, சத்துகள் எவ்வளவு என்று தருகிறது. அதை உருவாக்கப் பயன்பட்ட மண் மாதிரிகள் லட்சத்துக்கு மேல். ஆனால் கட்டங்களோ பல நூறு கோடி. மாதிரி எடுக்காத கட்டங்களில் இருப்பது, மண்ணை அள்ளிப் பார்க்காமல் கணினி ஊகித்த எண். திறமையான ஊகம், ஒரு மாநிலத்துக்கு எவ்வளவு உரம் வாங்குவது என்று திட்டமிடப் போதுமான ஊகம். ஒரு வயலுக்கு அதை மருத்துவச் சீட்டுபோல நீட்டுவதுதான் தவறு.

ஏனென்றால் சாகேலின் மணல் வயல்களில் பத்து மீட்டருக்குள் விளைச்சல் தலைகீழாக மாறும். நைஜரில் வேலை செய்த வேளாண் விஞ்ஞானிகளை நெடுங்காலம் தொல்லைப்படுத்திய விஷயம் இது. ஒரே வயலில், ஒரே விதை, ஒரே மழை. ஓரிடத்தில் கம்பு ஆள் உயரம், பக்கத்தில் முழங்கால் உயரம். காரணம் தேடிப் போனால் பழைய கரையான் புற்று, எப்போதோ நின்ற மரம், எப்போதோ கட்டிய மாட்டுப்பட்டி. நம் பக்கம் கீதாரிகள் வயலில் கிடை போடுவதுபோல அங்கே ஃபுலானி மேய்ச்சல்காரர்கள் அறுவடை முடிந்த வயலில் மாடுகளை அடைப்பது வழக்கம். எந்த ஆண்டு எந்த மூலையில் அடைத்தது என்பது வயல்காரருக்கு மனப்பாடம். எருவை எங்கே கொட்ட வேண்டும் என்று தீர்மானிக்க அந்த நினைவு போதும். அதற்குமேல் அவருக்கு இல்லாதது எரு, வண்டி, உரம் வாங்கக் காசு. இக்ரிசாட் வேளாண் ஆய்வு நிறுவனம் அங்கே பரப்பிய வழிகளில் எடுபட்டதைப் பாருங்கள்: குழிக்குக் குழி ஒரு பாட்டில் மூடி அளவு உரம். மணிச்சத்து இல்லாத மண் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மூட்டை வாங்க முடியாதவருக்கு மூடியால் அளந்து போடலாம் என்று காட்டியதுதான் புதிது.

நமக்குப் பழக்கமான உதாரணமும் உண்டு. 2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கிவைக்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டம், பன்னிரண்டு அளவைகளை அச்சிட்டு ஒவ்வொரு விவசாயிக்கும் தந்தது. மாதிரி எடுத்த விதம் என்ன? பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒன்று. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 1.08 ஹெக்டேர். மானாவாரிக் காட்டில் ஒன்பது பேரின் மண்ணுக்கு ஒரே பிடி மண். அட்டையில் பெயர் மட்டும் தனித்தனி.

விவசாயிக்குத் தெரியாது என்ற நம்பிக்கை எவ்வளவு பொய் என்பதற்கு நைஜரின் மாராடி, சிண்டர் பகுதிகளைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே 1980களின் தொடக்கத்தில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய மிஷனரி மரக்கன்று நட்டு நட்டுச் சலித்துப் போனார். நட்டதெல்லாம் செத்தது. வயல்களில் புதரென்று தாம் எண்ணியிருந்த, மக்கள் ஆண்டுதோறும் வெட்டித் தள்ளியவை உண்மையில் பழைய மரங்களின் வேர்க்கட்டையிலிருந்து வரும் துளிர்கள் என்று 1983இல் அவர் கவனித்தார். நாற்றங்கால் வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். தூருக்குச் சில தண்டுகளை விட்டு மீதியைக் கழித்தால் போதும், ஆழத்தில் ஏற்கெனவே ஊன்றியிருக்கும் வேர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். இதை அவர் கண்டுபிடித்தார் என்று எழுதுவது வழக்கம். துளிர் எது, புதர் எது என்று தெரியாத சாகேல் விவசாயி யாரும் இருந்திருக்க முடியாது. பின் ஏன் வளர்க்கவில்லை?

வளர்த்தால் மரம் அவருடையது அல்ல. பிரெஞ்சு ஆட்சி 1935இல் போட்ட வனச்சட்டமும், அதைச் சுதந்திரத்துக்குப் பிறகும் ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்ட அரசும், வயலில் நிற்கும் மரத்தையும் வனத்துறையின் பிடிக்குள் வைத்திருந்தன. கிளை வெட்டினால் அபராதம். வளர்ந்த மரம் என்பது வீட்டு வாசலுக்கு வனக்காவலரை அழைத்து வரும் வில்லங்கம். துளிராக இருக்கும்போதே அதை வெட்டி எறிவது அறியாமையா, புத்திசாலித்தனமா? நம் வருவாய்த் துறையில் புறம்போக்கில் நிற்கும் புளியமரத்தின் பலனை அனுபவிக்கத் தனியாக ஒரு 2சி பட்டா இருப்பதை அறிந்தவர்களுக்கு, நிலம் ஒருவர் கையிலும் மரம் இன்னொருவர் கையிலும் இருந்தால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

1980களின் நடுவிலிருந்து, அரசு பலவீனப்பட்டு, வனக்காவலர்களின் கெடுபிடி தளர்ந்தது. உள்ளூர் அதிகாரிகள் சிலர் கண்டும் காணாமலும் இருந்தார்கள். 1993இல் ஊரகச் சட்டம் வந்தது, 2004இல் வனச்சட்டம் திருத்தப்பட்டது. சட்டப் புத்தகத்தில் எல்லாம் தெளிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வயலில் நிற்பது என் மரம் என்று விவசாயிகள் நடந்துகொள்ளத் தொடங்கினார்கள், அவர்களை யாரும் தடுக்கவில்லை. பிறகு நடந்தது ஊர் விட்டு ஊர் பரவிய காரியம். மழைக்காலத்தில் இலையுதிர்த்து வெயில் காலத்தில் தழைக்கும் ஃபைதெர்பியா என்ற வேல இன மரம் அவர்களுக்குப் பிடித்தமானது. பயிர் நிற்கும்போது நிழல் தட்டாது, உதிரும் இலை மண்ணுக்கு, காய் ஆட்டுக்கு, கழித்த கிளை அடுப்புக்கு. ஆய்வாளர் கிறிஸ் ரெய்யும் செனகல் ஆய்வில் பார்த்த கிரே டப்பனும் பின்னாளில் மதிப்பிட்டபோது பரப்பு 50 லட்சம் ஹெக்டேர், மரங்கள் 20 கோடி என்று வந்தது. எல்லைக்கு அப்பால் வடக்கு நைஜீரியாவில் இதே மண், இதே மழை, ஆனால் மரம் குறைவு என்பதையும் அவர்களது படங்கள் காட்டின.

இந்தக் கணக்கு வந்தது 2000களின் நடுவில். லாண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசை 1972லிருந்து அந்த வயல்களின்மேல் பறந்துகொண்டிருந்தது. இருபது ஆண்டுகளாக ஒரு நாட்டின் முகமே மாறிக்கொண்டிருந்தபோது மேலிருந்து பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. 30 மீட்டர் படப்புள்ளியில் ஒற்றை மரம் கரைந்துபோகும் என்பது ஒரு காரணம். காடு என்றால் பத்து சதவீதமாவது மரக்கவிகை வேண்டும் என்ற வரையறைக்குள் வயல் மரம் வராது, விவசாயம் நடக்கும் நிலத்தைக் காட்டுக் கணக்கில் சேர்ப்பதும் இல்லை என்பது இன்னொன்று. விவசாயி மரம் வளர்ப்பார் என்று யாரும் எதிர்பார்க்காததால் தேடவே இல்லை என்பதுதான் முதன்மைக் காரணம் என்பேன். தரவு குறைந்ததால் நேர்ந்த குருடு அல்ல இது.

தரவுக்கு நான் எதிரி அல்ல என்று சொன்னேனே, அதற்கு புர்கினா ஃபாசோவின் யாத்தெங்கா மாகாணம் சாட்சி. 1970களின் இறுதியில் ஆக்ஸ்ஃபாமின் திட்டம் ஒன்று அங்கே மரம் நடச் சொல்லிப் போனது. விவசாயிகள் கேட்டது வேறு: ஓடுகிற மழைநீரை வயலில் நிறுத்த வேண்டும், கல் வரப்பு போட எங்களுக்குத் தெரியும், ஆனால் சமமட்டம் எங்கே ஓடுகிறது என்று தெரியவில்லை. கண்ணுக்குத் தட்டையாகத் தோன்றும் அந்தச் சரிவில் மட்டம் தவறிய வரப்பு நீரைத் தேக்காது, ஒரு முனையில் திரட்டி அரித்துவிடும். அதற்குக் கிடைத்த கருவி, நம் கொத்தனார்கள் தளமட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் அதே கண்ணாடி டியூப். இரு முனையிலும் ஒரு குச்சி, குச்சியில் அளவுக்கோடு. எழுத்தறிவு வேண்டாம், ஓரிரு நாளில் பழகிவிடலாம், விலை சில டாலர். சமமட்டக் கோடு என்பது அசல் நிலத் தரவு. விவசாயி கேட்ட தரவு, அவர் வயலில், அவர் கையாலேயே எடுத்தது, தவறினால் அடுத்த மழையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். இன்று நூறு கோடி டாலர் திட்டங்களில் இந்த நான்கு தகுதிகளும் ஒருசேர அமைந்த தகவல் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம்.

அதே யாத்தெங்காவில் குர்கா ஊரின் யாக்கூபா சவடோகோ, கல்லாய் இறுகிய தரையில் கோடையிலேயே குழி தோண்டி எரு இட்டு வைக்கும் 'சாய்' முறையைப் பெரிதாக்கினார். எருவுக்கு வரும் கரையான் குழிக்கு அடியில் துளை போட, முதல் மழை உள்ளே இறங்கும். சோளமும் கம்பும் வந்தன, எருவில் இருந்த விதைகளிலிருந்து மரமும் வந்தது. வெறும் தரை காடானது. 2018இல் அவருக்கும் டோனி ரினாடோவுக்கும் ஒரே ஆண்டில் 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது. விருது வருவதற்கு முன்பே வாஹிகூயா நகரம் விரிந்து, அவரது காட்டின் ஒரு பகுதியை வீட்டுமனைத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டது. முதியவர் 2023இல் காலமானார். அந்தக் காடு எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் தெளிவாகத் தெரியும். அதை யாரும் பார்க்காமல் மனை பிரிக்கவில்லை. மனை வரைபடமும் மேலிருந்து பார்த்துப் போட்டதுதான்.

இங்கே இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது: ஒரு யாக்கூபா, ஒரு மாராடி என்று கதை சொல்லலாம், கோடிக்கணக்கான ஹெக்டேருக்கு அது எப்போது போய்ச் சேரும்? இதைக் கேட்பவர்கள் ஒப்பீட்டை எதிரே வைக்க வேண்டும். ஆப்பிரிக்க ஒன்றியம் 2007இல் தொடங்கிய 'பெரும் பசுமைச் சுவர்' 8,000 கிலோமீட்டர் நீளம், 2030க்குள் 10 கோடி ஹெக்டேர் என்று அறிவித்தது. 2020இல் வந்த ஆய்வு, திட்டத்துக்கென்று ஒதுக்கிய பகுதிகளில் மீட்டது கிட்டத்தட்ட 40 லட்சம் ஹெக்டேர் என்றது. பெருந்திட்டம் எதுவும் இல்லாமல், பெரும்பாலும் கோடரியும் வாய்மொழியும் கொண்டு தெற்கு நைஜரில் மட்டும் நடந்தது 50 லட்சம். பெரிய அளவு எந்தப் பக்கம் இருக்கிறது?

இரண்டாவது மறுப்பு கனமானது, அதை ஒதுக்க மாட்டேன். முன்னெச்சரிக்கை. 1984–85 பஞ்சத்துக்குப் பிறகு அமெரிக்கா நிறுவிய பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பு, பசுமைக் குறியீட்டையும் மழையையும் சந்தை விலையையும் சேர்த்துப் பல உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் அதன் எச்சரிக்கை போவது விவசாயிக்கு அல்ல, தானியக் கப்பலை அனுப்பக் கூடியவர்களுக்கு. அவர்கள் அசையாவிட்டால் என்ன ஆகும் என்று சோமாலியா காட்டியது. 2010 ஆகஸ்டிலிருந்தே எச்சரிக்கை மேல் எச்சரிக்கை வந்தது. பஞ்சம் என்று அறிவிக்கப்பட்டது 2011 ஜூலையில். 2010 முதல் 2012 வரை செத்தவர்கள் ஏறத்தாழ 2.6 லட்சம் பேர், அவர்களில் பாதிப் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அங்கே யாருக்குத் தகவல் குறைவாக இருந்தது?

பயனுள்ள இடமும் உண்டு. 2017இல் மாலியில் தொடங்கிய 'கார்பால்' என்ற தொலைபேசிச் சேவையில் மேய்ச்சல்காரர் தம் மொழியில் கேட்கலாம்: இன்ன திசையில் புல் எப்படி, தண்ணீர் இருக்கிறதா, சந்தையில் ஆடு என்ன விலை? புல்லையும் நீர்நிலையையும் செயற்கைக்கோள் சொல்கிறது, சந்தை விலையையும் அங்கே ஏற்கெனவே எத்தனை மந்தை கூடியிருக்கிறது என்பதையும் ஊர்களில் இருக்கும் ஆட்கள் சொல்கிறார்கள். இது எனக்கு ஏற்புடையது. கேள்வி கீழிருந்து வருகிறது, நூறு கிலோமீட்டர் நடக்கப் போகிறவருக்கு உண்மையாகவே தெரியாத ஒன்று பதிலாகக் கிடைக்கிறது. அதே புல் வரைபடத்தை வைத்து, இந்தப் பகுதி சீரழிந்தது, மேய்ச்சலுக்குத் தடை என்று ஒரு அமைச்சகம் நாளை ஆணை போட்டால், கருவி மாறாது, எசமானர் மாறிவிடுவார்.

பசுமைச் சுவரின் கணக்குக்கே திரும்புகிறேன். அந்த 2020 ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு. ஒதுக்கிய பகுதிக்கு வெளியே பதினொரு நாடுகளில் நடந்ததையும் சேர்த்தால் மீட்பு கிட்டத்தட்ட 1.8 கோடி ஹெக்டேர். நாற்பது லட்சமா, நூற்றெண்பது லட்சமா? எதைச் சேர்ப்பது என்பதைப் பொறுத்து வெற்றி நான்கு மடங்கு வீங்குகிறது. 2021 ஜனவரியில் இந்தச் சுவருக்கென்று 1,400 கோடி டாலருக்கு மேல் வாக்களிக்கப்பட்டது. செயற்கைக்கோளின் கூர்மையை ஏவ வேண்டிய இடம் இதுதான். நட்டதாகச் சொல்லும் கன்று மூன்றாம் ஆண்டில் நிற்கிறதா, மீட்டதாகச் சொல்லும் ஹெக்டேர் முன்பே பச்சையாக இருந்ததா என்று மாராடியின் விவசாயி சங்கமும் நைஜர் தலைநகர் நியாமேயின் செய்தியாளரும் தங்கள் திரையில் பார்த்துக் கேட்க முடிய வேண்டும். நம் ஊரிலும் இஸ்ரோ தன் நிலப்படத் தொகுப்பில் 2018–19இல் இந்தியாவின் 9.785 கோடி ஹெக்டேர், அதாவது நாட்டுப் பரப்பில் 29.77 சதவீதம், சீரழிவுக்கு உள்ளானது என்று கணக்குக் கொடுத்தது. அந்தக் கணக்கைக் கிராமசபையில் விரித்து வைத்து, இந்தக் குவாரிக்கு அனுமதி தந்தது யார் என்று கேட்ட கூட்டம் ஒன்றைப் பற்றி நான் இதுவரை கேள்விப்படவில்லை. விவசாயியின் கைப்பேசிக்கு அறிவுரை அனுப்பும் செயலிகளைப் பற்றியோ வாரம் ஒன்று கேள்விப்படுகிறேன்.

இதற்குள் அடுத்த அலை வந்துவிட்டது. 2020இல் மார்ட்டின் பிராண்ட் தலைமையிலான ஆய்வுக் குழு, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, மேற்கு ஆப்பிரிக்காவின் சகாராவிலும் சாகேலிலும் 13 லட்சம் சதுர கிலோமீட்டரில் தனித்தனி மரங்களாக 180 கோடிக்கு மேல் எண்ணியது. மரமே இல்லை என்று பல வரைபடங்கள் காட்டிய நிலம் அது. 2023இல் காம்ப்டன் டக்கரின் குழு பரப்பை விரித்து, 990 கோடி மரங்களில் ஒவ்வொன்றிலும் எவ்வளவு கரிமம் இருக்கிறது என்று கணித்தது. 1991இல் பாலைவனத்தின் படையெடுப்பைப் பொய்யாக்கிய அதே டக்கர். அறிவியலாக இதைவிட மதிக்கத்தக்கது குறைவு. ஆனால் கரிமத்துக்கு விலை உண்டு, வாங்குவோர் காத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் மரத்தின் இடம் உண்டு, கவிகையின் அகலம் உண்டு, கிலோ கணக்கில் கரிமம் உண்டு, உரிமையாளர் என்று ஒரு பத்தி கிடையாது. மாராடியின் வயலில் நாற்பது ஆண்டாக ஒருவர் கழித்துக் கழித்து வளர்த்த மரத்தின் கரிமத்தை விற்கும் உரிமை அவருக்கா, 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாரிசான வனத்துறைக்கா, இடையில் கணக்குப் பார்க்கும் தரகு நிறுவனத்துக்கா? கைப்பேசிச் சேதியால் பாலைவனத்தை நிறுத்தப் போகிறவர்கள் தங்கள் அடுத்த விண்ணப்பத்தை எழுதுமுன் இந்தப் பத்திக்கு என்ன பெயரைப் போடப் போகிறார்கள் என்று சொல்லட்டும்.